ஓரத்தை அழுத்தித் தேய்க்கணும்

கள்ளக்குறிச்சி
3.11.2024

அன்புள்ள சாச்சாவுக்கு பாயிஸா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா, அக்கா, நான் எல்லோரும் நலம். தானும் நலம் என்று அத்தா எழுதச் சொன்னார். வெள்ளிமலையில் மழை விட்டதா? மழை என்றால் கடையின் பின்பக்கம் ஒழுகும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

இந்தக் கடிதம் அத்தா சொல்லி எழுதுவது. போன் செய்யலாமே என்று கேட்டேன். "போன்ல பேசுனா அவன் கதைய வளத்துகினே போவான். எழுதிப் போடு" என்றார். அவர் சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்:

'டிசம்பர் எட்டாம் தேதி மண்டபத்தில் ஹப்சாவுக்கு நிக்காஹ். பெண்ணின் தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் என் சார்பாகத் தம்பி சுபுஹான் உட்காரட்டும்.'

இவ்வளவுதான். இனிமேல் நான் எழுதுவது.

அத்தா ஏன் வரமாட்டேன் என்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பார்சல் ஆபீசில் லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டதிலிருந்து டயப்பர்தான். ஆனால் அக்காவின் நிச்சயதார்த்தம் வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருடனும் பேசிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு சங்கராபுரத்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் நீங்கள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி வீல் சேரில் வைத்தபோது டயப்பரின் ஒரு பக்கத்து ஒட்டுப் பட்டை விட்டுப்போனது. நீங்கள் பதறி, "அண்ணி, துணி எடுத்தாங்க!" என்று சத்தம் போட்டீர்கள். அத்தா, "போடா, இந்த வூட்டு வாசப்படி ஏறாத" என்றார். நீங்கள் சாப்பிடாமலே மலைக்குப் போய்விட்டீர்கள். அதன் பிறகு அத்தா தம் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அம்மா டயப்பர் மாற்றும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

இப்போது உங்களைக் கூப்பிடுகிறார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அக்கா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். "அத்தா இருக்கும்போதே இல்லாத மாதிரி ஆக்குறாங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பதில் போடுங்கள்.

இப்படிக்கு
பாயிஸா, பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு

---

வெள்ளிமலை
9.11.2024

அன்பு மகள் பாயிஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா பாய், இந்தக் காலத்துல உனக்கு லெட்டரு? கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். என் அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, முகவரியில் இருந்த உன் கையெழுத்தைக் காட்டினேன்.

அண்ணன் சொன்னதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. 'தம்பி சுபுஹான்' என்று அவர் வாயால் சொன்னாரா, நீயாகச் சேர்த்தாயா? அவரே சொல்லியிருந்தால் எனக்கு அது போதும். வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டுவிட்டேன். இங்கே வெயில் இல்லை, காய்வதாகத் தெரியவில்லை. முந்தின நாள் மதியப் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்.

அம்மாவுக்கு ஸலாம் சொல்.

சுபுஹான்

---

கள்ளக்குறிச்சி
14.11.2024

அன்புள்ள சாச்சாவுக்கு,

'தம்பி' என்று அத்தாதான் சொன்னார். நான் சேர்க்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அத்தாவுக்குத் தெரியாது. பாதி படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படியுங்கள்.

அந்த ஒட்டுப் பட்டை ஏன் விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அத்தா நிக்காஹ் சபைக்கு வருவார் என்று நினைத்தேன். ஒரு டயப்பரை எடுத்துப் பெரிய தலையணைக்குக் கட்டி, மேலே டேப் ஒட்டிப் பார்த்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, தலகாணிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கண்ணாடி டேப் கிழிந்துவிட்டது. ஆபீசில் பெட்டிக்கு ஒட்டும் பிரவுன் டேப் நன்றாகப் பிடித்தது, ஆனால் அசைந்தால் மொறமொறவென்று சத்தம் கேட்கிறது. அத்தாவே, "நான் திரும்புனா பொட்டலம் பிரிக்கற மாரி இருக்குது. ஹஜ்ரத்து ஓதறது கேக்குமா, இது கேக்குமா?" என்றார். கடைசியில் மெடிக்கலில் கட்டுப் போடும் துணி டேப் வாங்கினேன். சத்தமே இல்லை. தோலில் படாமல் டயப்பரின் முன்பக்கம் மட்டும் குறுக்கே ஒட்ட வேண்டும். அம்மா உள்ளே மாற்றுவார், நான் கதவுக்கு வெளியே நின்று துண்டு வெட்டி நீட்டுவேன்.

தலையணையில் அது நாள் முழுவதும் அப்படியே இருந்தது. அத்தாவுக்கு ஒட்டினால் மதியத்துக்குள் ஓரம் கிளம்பிவிட்டது. அதே டேப், அதே டயப்பர். அப்படியென்றால் வேறு எதுவோ மாறுகிறது என்று யோசித்தேன். மறுநாள் காலை அம்மா துண்டுக்காகக் கை நீட்டியபோது விளக்கு வெளிச்சத்தில் விரல்கள் பளபளவென்று இருந்தன. தைலம்! அத்தாவின் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, அதே கையோடுதான் அம்மா தினமும் பட்டையை ஒட்டுகிறார். நீங்கள் தூக்கிய அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் தூக்கியதில் ஒரு தவறும் இல்லை சாச்சா.

அம்மாவிடம் சொன்னேன். "ஊரெல்லாம் சுத்திட்டு கடைசில என் கையிலதான் குத்தம் கண்டுபிடிச்சியா?" என்றார். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு ஒட்டினார். சாயங்காலம் வரைக்கும் அசையவில்லை.

அத்தாவிடம் சொன்னதற்கு, "அதான் சுபுஹான் வரான்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சாச்சா, நீங்கள் வருவதால்தான் அவர் வராமல் இருக்க முடிகிறது. நீங்கள் வரமாட்டேன் என்று எழுதிவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. உங்களை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுப்பது போலத்தான் இருக்கிறது. சட்டையைத் துவைத்துப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் கேட்கிறேன். அக்காவுக்காகக் கேட்கிறேன்.

உங்கள்
பாயிஸா

---

வெள்ளிமலை
21.11.2024

அன்பு மகள் பாயிஸாவுக்கு,

இதை அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

கடையை விட்டு வர முடியாத நிலைமை. நிக்காஹ்வுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். தகப்பன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்றுதான் நானும் நினைக்கிறேன். பஸ்ஸில் ஒரு பெட்டி அனுப்பிவைக்கிறேன். ஹப்சாவுக்குச் சாமையும் தேனும்.

சுபுஹான்

---

கள்ளக்குறிச்சி
9.12.2024

அன்புள்ள சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்காவின் நிக்காஹ் நேற்று நல்லபடியாக முடிந்தது. வீடு காலியாக இருக்கிறது. அவளுடைய சீப்பை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைச் சொன்னபடியே சத்தமாகப் படித்தேன். அத்தா, "பாத்தியா, கோவம் இன்னும் போகல அவனுக்கு" என்றார். எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் உங்கள் பெட்டி வந்தது. ஆபீசில் மூட்டை தூக்கும் வீரமுத்து அண்ணன் அதைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். சாச்சா, அது என்ன பெட்டி! டேப் கோணலும் மாணலுமாக ஒட்டி, ஒரு மூலை திறந்து, சாமை வழிந்துகொண்டிருந்தது. அத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பார்சல் ஆபீசுலயே வளந்தவன் ஒட்டற ஒட்டா இது? தூசு மேல ஒட்டிக்கீறான். ஓரத்தை அழுத்தித் தேய்க்கணும்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!" வீரமுத்து அண்ணன், "வுடு முதலாளி, வந்து சேந்துச்சுல்ல" என்றார். அத்தா விடவில்லை. பிரவுன் டேப்பைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியை மடியில் வைத்து, பழையதைப் பிரித்து, துணியால் துடைத்து, மறுபடியும் ஒட்டினார். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று. பிரிக்க வசதியாக நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டார். கட்டைவிரலால் ஓரம் முழுவதும் தேய்த்தார். அடிபட்ட பிறகு அவர் டேப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

திறந்து எடுக்க வேண்டிய பெட்டியை எதற்கு ஒட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் டயப்பர் மாற்றும் நேரத்தில் நான் கதவுக்கு வெளியே வழக்கம்போலத் துண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அத்தா அம்மாவிடம் சொல்வது கேட்டது. "அந்த டேப்ப இப்படிக் குடு. நீ தைலக் கையி." அம்மா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மறுபடியும் என் கையிதான் குத்தம்" என்றார்.

நேற்று நிக்காஹ்வில் வீல் சேரில் சபை நடுவில் அத்தா இருந்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்கு இடையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் அவர் பக்கம் திரும்பியதும் எல்லோரும் அமைதியானார்கள். அத்தாவின் கை மடியில் போட்டிருந்த சால்வைக்குள் போனது. கட்டைவிரல் ஒரு முறை ஓரமாக நகர்வதைப் பார்த்தேன், பெட்டிக்குத் தேய்ப்பாரே அது மாதிரி. பிறகு கையை வெளியே எடுத்துவிட்டு, 'என் மகள் ஹப்சாவை' என்று தொடங்கினார். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. விருந்து முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். யாராவது உள்ளே வரும்போதெல்லாம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதங்களையும், நான் எழுதியவற்றுக்கு நோட்டில் வைத்திருந்த நகலையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன், தலையணை முதல் நாற்காலி வரைக்கும். இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. "அந்தப் பெட்டியும் வேணும்னுதான் அப்படி ஒட்டினானா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வேண்டுமென்றேதானா சாச்சா?

மீதி இடத்தில் தானே எழுதுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பாயிஸா

சுபுஹான்,
வெள்ளிக்கிழமை ஹப்சாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறார்கள். வியாழனே வந்துவிடு. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. வீரமுத்து என்னையும் மூட்டை மாதிரிதான் தூக்குகிறான், விலா வலிக்கிறது. நீ வந்து தூக்கு. டேப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.
சாதுல்லா