ஆறு இருபத்தைந்துக்குள்

ஸ்கார்பரோ,
சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால்

அன்புள்ள ஹெஸ்டர்,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலந்தானே. இங்கே என் இடது சுண்டுவிரலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உனக்கு எழுதவில்லையே என்று திட்டாதே, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அது மரத்துக் கிடக்கிறது, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிறது, வயலின் கம்பியில்தான் அழுந்த மறுக்கிறது. எங்கள் நாடகக் குழுவில் நடிக்கிறவர்களேதான் வாசிக்கவும் வேண்டும். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு ஏழாம் மாதம் வரை, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோவை வாசித்தேன், கையும் வில்லும் எட்டாமல் போன பிறகுதான் நிறுத்தினேன். இனி பேச மட்டும் தெரிந்த ஐம்பத்தொன்பது வயதுக்காரியை யார் கூப்பிடுவார்கள்? தொலைக்காட்சியில் நடித்ததும் ஒரே தொடர், கடைத்தெருவில் இன்னும் "நீங்க ரெண்டாவது வாரமே செத்துப்போன நர்ஸுதானே?" என்கிறார்கள். மீன் துறைமுகத்தில் பெட்டி தூக்கிய உன் தாத்தா வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற எனக்கு அந்த வயலினைத் தூக்கினால்தான் தைரியம் வரும்.

இன்று மதியக் காட்சியில், நான் நடிக்கிற மாலுமியின் விதவை தனியாக வாசிக்கிற இடத்தில், உச்ச ஸ்வரத்துக்கு விரல் இறங்கவில்லை. என் வயலின் ஊமையாகிவிட்டது. ஆனால் ஸ்வரம் கேட்டது ஹெஸ்டர், அரங்கம் முழுக்கக் கேட்டது. மேடைப் படகுக்குப் பின்னால் மீன்காரி வேடத்தில் நிற்கிற ப்ரியனி தன் வயலினில் வாசித்திருக்கிறாள். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என் வேடத்தில் இறங்க வேண்டியவள் அவள்தான். இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரை விழுந்ததும் "ஒன்ன யாரு வாசிக்கச் சொன்னது?" என்று பாய்ந்தேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க வெண்டி. மூணு வாரமா அந்த எடத்துல வில்லத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். இன்னிக்குத்தான் தேவப்பட்டுச்சு" என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்றேன். "அத நீங்கதானே சொல்லணும்" என்றாள்.

ஏழு மணிக்கு அடுத்த காட்சி. ஆறு இருபத்தைந்துக்குள் கீழ்த்தளத்தில் இருக்கிற வருகைத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் வேடம் அவளுக்கு. மேடை நிர்வாகி டோரீன் இரண்டு தடவை என் ஒப்பனை அறைக் கதவைத் தட்டிவிட்டாள். "என்னம்மா மகாராணி, ஒனக்கு மட்டும் தனிக் கடிகாரமா?" சிரிக்க முடியவில்லை. வேடத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா? ஆறு இருபது ஆகிவிட்டது. இதை இங்கேயே நிறுத்துகிறேன்.

ஆறரை. டோரீனிடம் விரலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் தாளை ப்ரியனியிடம் நீட்டினாள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். இந்தக் காட்சியில் அவள் விதவை, நான் மீன்காரி.

இங்கே கோடை என்றாலும் உலகத்தின் அந்தக் கோடியில் உங்களுக்குக் குளிர்காலம், குழந்தையின் காதை மூடு. வியாழக்கிழமை விரலைக் காட்ட மருத்துவரிடம் போகப்போகிறேன், போனேனா என்று தொலைபேசியில் கேள், நான் பேச்சை மாற்றினாலும் விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மணி அடிக்கிறது, போகிறேன். படகுக்குப் பின்னால் வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் தடுமாறினால், அந்த ஒரு ஸ்வரத்தைத் தவிர மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது.

உன் அம்மா,
வெண்டி