கணுக்கால் வரை ஏறிய சப்பாத்து

தம்பி,

நேற்று என் மகள் வாங்கி வந்த பெட்டியைத் திறந்ததும் புது றப்பர் மணம் வீடெல்லாம் பரவியது. கணுக்காலை மூடுகிற அதே கன்வஸ் சப்பாத்து. பழைய மொடல்தான் இப்போது ஸ்டைலாம். நோகவில்லையா என்று கேட்டேன், சிரித்தாள். என் கண் அவள் கணுக்காலுக்கே போனது.

எங்கள் தீவில், நாரந்தனையில், உனக்கு முதல் எவரும் அப்படியொன்றைப் போட்டதில்லை. பிரான்ஸிலிருந்து மாமா அனுப்பியது. உன் காலுக்கு ஓர் அளவு சிறியது. அதை நீ இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் ஊர்காவற்றுறை வரை சைக்கிள் மிதிப்பாய். கலியாணத்துக்கு முதலே கால்கட்டா என்று நான் பகிடி பண்ணுவேன். நீ அசையமாட்டாய்.

"வடிவா இருக்கெல்லோ அக்கா? நோகிறதை ஆர் பாக்கப் போயினம்?"

மேல் விளிம்பு உரசி உரசி, இரண்டு கணுக்காலைச் சுற்றியும் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். அப்போது அது வெறும் புண்தான்.

சிப்பாய்கள் தீவில் வந்து இறங்கியபின் ஆட்களின் முகத்தைவிடக் காலைத்தான் பார்த்தார்கள். பூட்ஸ் போட்டு இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவனுக்குக் கணுக்காலில் தழும்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதைக் கேள்விப்பட்ட அன்றே அம்மா சப்பாத்தை நெல்லுச் சாக்குக்குள் ஒளித்தார். தழும்பை எங்கே ஒளிப்பது? நீ நீளக் காற்சட்டையோடு திரிந்தாய். பேச்சும் குறைந்துவிட்டது.

சுற்றிவளைப்பு அன்று ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் இருத்தினார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். உன் முறை வந்ததும் காற்சட்டையை உயர்த்தச் சொன்னான் ஒருவன். குனிந்து பார்த்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. சப்பாத்து கடித்தது என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. அன்று உன் காலில் கிடந்தது றப்பர் செருப்பு.

வீட்டுக்கு ஓடிச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் உங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முகாம் வாசலுக்கே போனேன்.

"இதுதான் ஐயா கடிச்சது. அவன்ர காலில வைச்சுப் பாருங்கோ."

காவலுக்கு நின்றவன் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். தான் கொடுப்பதாகச் சொல்லி என்னைப் போகச் சொன்னான். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. காலில் வைத்துப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் உனக்கும் சேர்த்தே உலை வைத்தார்.

அடுத்த கிழமை, காரைநகர் போகும் வள்ளத்துக்காகத் துறையில் நின்றபோது உன் சப்பாத்தைக் கண்டேன். அதே காவல்காரனின் காலில். அவனுக்கு அளவாக இருந்தது. நீ இனி வரமாட்டாய் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வள்ளத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டார்.

"சப்பாத்து தம்பியின்ர கையில போய்ச் சேர்ந்திருக்கும், என்ன?"

"ஓம் அம்மா. சேர்ந்திருக்கும்."

கண் மூடும்வரை அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். நான் கண்டதை இத்தனை வருடமாகத் தனியே வைத்திருக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?