வாசலில் நிற்பது நானல்ல

வீட்டு எஜமானிக்கு,

உன் மகன் எனக்குத் துரோகம் செய்துவிட்டான். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

என் பாஸ்போர்ட் போட்டோவை ஏஐயிடம் கொடுத்து, நான் கல்யாண மண்டப வாசலில் நின்று எல்லோரையும் சிரித்து வரவேற்பதுபோல் சினிமாக்கணக்காக வீடியோ செய்திருக்கிறான். நம் மகள் கல்யாணத்துக்கு அதுதான் அழைப்பாம். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

என் போனுக்கு வந்த அதை அறைக்கூட்டாளி எங்கள் சலவைக்கூடத்து மேனேஜரிடம் காட்டிவிட்டான். அவரிடம்தான் நான் கல்யாணத்துக்கு ஊர் வர பத்து நாள் லீவு கேட்டிருந்தேன்.

"அதான் வாசல்லயே நிக்கிறீங்களே பெரியவரே, லீவு எதுக்கு? நேர்ல போனா இவ்வளவு சிரிக்கவும் மாட்டீங்க" என்றார். லீவுத்தாளை, வந்த அன்றே வாங்கிக்கொண்ட என் பாஸ்போர்ட் கிடக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அன்று இஸ்திரியில் கை லேசாகச் சுட்டுக்கொண்டது, ஆறிவிட்டது.

வேலைமணி அடித்துவிட்டது. மகன் அந்த வீடியோவை இன்றே அழிக்க வேண்டும். நீ கல்யாணப் பத்திரிகையை மேனேஜருக்கு அனுப்பு. எனக்குத் தனியாக ஏதாவது போனில் பேசிப் பதிந்து அனுப்பு, நீளமாக. லீவுத்தாளில் கையெழுத்து கிடைக்கும்வரை அவர் மேஜை முன்னால் தினமும் நிற்பது என் வேலை. அதுவரை கல்யாணத் தேதி தள்ளிப்போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவன் உன் மகன், நேரில் போய், சொந்த முகத்தோடு.