பதினோராம் இடம்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
டிசம்பர் 11

அன்பு மகன் எரிக்குக்கு உன் டாடி எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் மம்மியும் இங்கே சுகம். உன் சுகத்தைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். தொடை எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலிக்கிறதா? பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?

"இனிமே எனக்காக யாருக்கும் எதுவும் எழுதாதீங்க டாடி" என்று நவம்பர் இருபத்தைந்தாம் தேதி ஒரு வரி அனுப்பினாய். அதற்கப்புறம் போனும் இல்லை, மெசேஜும் இல்லை. நான் அனுப்புவதை நீ திறந்தாவது பார்க்கிறாயா என்று தெரியாததால்தான் காகிதத்தை எடுத்தேன். மேல் வீட்டு நிருபமாவை வைட்ஃபீல்ட் ஆபீஸிலிருந்து மூன்று வாரத்துக்கு அமெரிக்கா அனுப்புகிறார்கள். சனிக்கிழமை கிளம்புகிறாள். அங்கே போய்த் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். மம்மி அவள் பெட்டியில் ஒரு டப்பா கிறிஸ்துமஸ் கல்கலையும் திணித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நிருபமாதான் போனில் உங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் தரவரிசையைக் காட்டினாள். உங்கள் டீம் பதினோராம் இடம். சாம்பியன்ஷிப்புக்குப் பன்னிரண்டு டீம் என்றால் பதினோராவது உள்ளேதானே? நான் கையைக்கூடத் தட்டிவிட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். கல்லூரிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுகின்றன. அந்தந்தக் கூட்டத்தில் ஜெயித்த டீம்களில், தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்துக்கு இடம் நிச்சயம். மிச்சம் ஏழு இடத்தைத்தான் வரிசைப்படி நிரப்புவார்கள். இந்த வருஷம் அந்த ஐந்தில் இரண்டு டீம் இருபதாம் இடத்தை ஒட்டி இருந்தவையாம். அவை உள்ளே வந்ததும் பதினொன்றும் பன்னிரண்டும் வெளியே. பத்து மேட்ச் ஜெயித்து இரண்டே இரண்டு தோற்ற உங்களை, ஒரு பாவமும் செய்யாத ஒரு விதி வெளியே நிறுத்திவிட்டது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை எரிக்.

ஆனால் நீ என்னைத் திட்டலாம். அதற்குத்தான் வருகிறேன்.

பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி உட்கார்ந்து தரவரிசை போடுகிறது என்று நீ முதல் வருஷம் சொன்னபோதே எனக்கு அந்த விளையாட்டின் மேல் ஒரு பிடிப்பு வந்தது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஒருவன் மேல் ஒன்பது பேர் விழுவதும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. நடுவில் நீ மட்டும் வந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயிண்ட் எடுத்துவிட்டுப் போவாய். அதுதான் புரியும். ஆனால் கமிட்டி எனக்கு நன்றாகப் புரியும். முப்பத்தோரு வருஷம் ஆபீஸில் ப்ரமோஷன் கமிட்டிக்கு ஃபைல் தயாரித்தவன் நான். கமிட்டிக்குக் கண் கிடையாது, காது கிடையாது. ஃபைலில் என்ன பேப்பர் இருக்கிறதோ அதுதான் ஆள். ஸ்ரீகண்டன் என்று ஒருவர் இருந்தார், உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. மனைவி ஆபரேஷனுக்காக நாலு மாதம் லீவில் போனவர். அந்த மருத்துவச் சான்றிதழை ஃபைலில் வைக்க நான் மறந்தேன். காரணமில்லாமல் வராதவர் என்று எழுதி அவரைத் தள்ளிவிட்டார்கள். ரிடையர் ஆகும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பர் பதினைந்தாம் தேதி நீ கடைசி நிமிஷத்தில் உதைத்தது இடது கம்பத்துக்கு வெளியே போய், ஒரே பாயிண்டில் தோற்றீர்களே, மறுநாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கமிட்டி எதையெல்லாம் பார்க்கும் என்று நிருபமாவிடம் கேட்டேன். அவள் அச்சடித்துக் கொடுத்தாள். யாரோடு மோதினார்கள், எதிராளி எவ்வளவு பலம், இரண்டு டீமும் நேருக்கு நேர் ஆடியிருந்தால் யார் ஜெயித்தது என்று வரிசையாக இருந்தது. அதில் ஒரு வரி, முக்கியமான ஆட்டக்காரர் ஆட முடியாமல் போயிருந்தால் அதையும் கருதலாம் என்று. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு ஸ்ரீகண்டன் ஞாபகம் வந்துவிட்டார். இந்தத் தடவை பேப்பர் விடுபடக்கூடாது என்று உட்கார்ந்து இரண்டு பக்கம் டைப் செய்தேன். என் மகன் காயத்தோடு ஆடினான், அந்தத் தோல்வியைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்று மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். நீ ஆடாமல் போகவில்லை, ஆடித்தான் தோற்றாய் என்பது அந்த அவசரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலிடத்துக்கு எழுதும்போது துறைத் தலைவர் வழியாகத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகவே அடியில் நகல் என்று போட்டு உங்கள் கோச் பெயரை எழுதியது. கமிட்டி என் விண்ணப்பத்தைப் படித்ததா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். கோச் படித்துவிட்டார்.

நீ அவரிடம் மறைத்தது அப்படித்தான் வெளியே வந்தது. டாக்டர் பார்த்ததும், தசை கிழிந்திருப்பதும், உன்னை உட்கார வைத்ததும் நிருபமா மெசேஜ் போட்டு விசாரித்தபோது உன் ரூம்மேட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபத்தொன்பதாம் தேதி மேட்சில் வேறொருவன் உதைத்தான். நாலுக்கு நாலும் உள்ளே போனது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உங்களுக்கு ஆறுதலுக்கு ஒரு பௌல் மேட்ச் கொடுத்திருக்கிறார்கள், இருபத்தேழாம் தேதி. பன்னிரண்டில் ஆறு ஜெயித்தாலே அதற்குத் தகுதியாம், அப்படி நாற்பது மேட்ச் இருக்கிறதாம். உருளைக்கிழங்கு பெயரில் ஒன்று, மயோனைஸ் பெயரில் ஒன்று என்று நிருபமா சொன்னபோது மம்மி விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் டீமில் நாலு பேர், அடுத்த வருஷம் காசுக்கு ஆடப் போகிறவர்கள், அடிபட்டுவிடும் என்று இந்த மேட்சே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். ஆடச் சொன்னால் ஆடமாட்டேன் என்கிறார்கள் அவர்கள். இதுவே கடைசி மேட்ச், ஆடியே தீரவேண்டும் என்றிருந்தவன் நீ. உனக்கு அனுமதி இல்லை.

இதில் எதுவும் மம்மிக்குத் தெரியாது. பரீட்சை, ப்ராக்டிஸ், நேரமில்லை என்று நான் ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சர்ச்சில் பாடகர் குழு முழுவதையும் இருபத்தேழாம் தேதி வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "எம் புள்ள டிவில வரான்" என்று மாஸ்க் ரோடு பேக்கரிக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. நேற்று என்னிடம் வந்து, உன் நம்பர் எத்தனை என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். அதை ஒரு சீட்டில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினாள். அவ்வளவு பெரிய மைதானத்தில் உன்னைத் தவறவிடக்கூடாதாம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 

ஒன்று மட்டும் பாக்கி. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை ஒட்டினால் மறுபடியும் ஒரு பேப்பரை ஃபைலில் வைக்காமல் விட்டவன் ஆவேன்.

நவம்பர் பதின்மூன்று, வியாழக்கிழமை, நீ என்னைக் கூப்பிட்டாய். தொடை சரியில்லை டாடி, கோச்சிடம் சொன்னால் உட்கார வைத்துவிடுவார், மம்மிகிட்டகூட சொல்லாதீங்க என்றாய். உன் குரல் எனக்குப் பழக்கம். நீ முடிவு செய்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் கேட்டாய். ஆடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, உனக்கு நன்றாகவே தெரியும். "சமாளிச்சுக்கடா, இன்னும் ரெண்டு மூணு மேட்ச்தானே, கமிட்டி பாக்குற நேரம்" என்றேன். ஒரு அப்பன் சொல்கிற வார்த்தையா அது? கோச்சுக்கு எழுதியதை நினைத்து நீ கோபமாக இருக்கிறாய் என்று நிருபமாவும் உன் ரூம்மேட்டும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த நாலு வாரமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வியாழக்கிழமைதான்.

இனி என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. யாருக்கும் எழுத மாட்டேன், உன் கோச்சுக்கு மன்னிப்புக் கேட்டுக்கூட எழுத மாட்டேன். டாக்டர் சொல்கிறபடி கேள். காலை ஊன்றாதே என்றால் ஊன்றாதே. எந்த மேட்சும் உன் காலைவிடப் பெரிதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஒரே ஒரு வேண்டுதல். இருபத்தேழாம் தேதிக்கு முன்னால் மம்மியை ஒருமுறை கூப்பிடு. ஆடவில்லை என்பதை உன் வாயால் சொல்லு. என் தப்பையும் சேர்த்தே சொல்லு, எதையும் குறைக்கவேண்டாம். உன் குரல் கேட்டால் அவள் தாங்கிக்கொள்வாள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை நான் கோல்ஸ் பார்க்கில் நடந்துகொண்டிருப்பேன். அந்த நேரத்தில் கூப்பிட்டால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். இப்போது தினமும் ஐந்துக்கே கிளம்பிவிடுகிறேன். மழை பெய்தாலும் ஆறு வரை திரும்பமாட்டேன்.

ஆண்டவர் உன் காலையும் உன்னையும் காப்பாராக.

உன் டாடி,
ஆம்ப்ரோஸ்