இருவருக்கு ஒரு பாஸ்

ஜூன் 3, மாலை

கடுகின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் பையைக் கைமாற்றும் இரண்டு நிமிடத்தில் எதைத்தான் சொல்வது? காவலுக்கு நிற்கும் மீசைக்காரர் "பாஸ் எங்கே, பாஸ் எங்கே" என்று அவசரப்படுத்துகிறார். நமக்கு இருக்கும் அந்த ஒரே பாஸ் அட்டையை உங்கள் கையில் திணித்துவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். சொல்ல மறந்ததெல்லாம் பாதி வழியில்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இந்த நோட்டு. தினமும் பிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். "சரி" என்று ஒரு வார்த்தை எழுதிவைத்தால் கெட்ட கோபம் வரும்.

கடுகுக்கு மதியம் இரண்டு கரண்டி சோறு இறங்கியது. பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. மருந்து ஏறும் குழாய்மேல் அவள் புரண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண் மருந்தைத் தூங்குமுன் தடவ வேண்டும். உங்களைக் கண்டால் கொஞ்சிக் கொஞ்சியே தப்பித்துவிடுவாள், ஏமாறாதீர்கள். பெரியவளின் பள்ளிக்கூடப் படிவம் பையின் பக்க ஜிப்பில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள்.

இன்றோடு நாற்பத்தொரு நாள். பகல் முழுக்க நான், ராத்திரி முழுக்க நீங்கள். உங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் பார்த்தேன். அசதியில் அதுவும் விட்டுப்போயிற்று.

இப்படிக்கு,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள்


ஜூன் 4, காலை

அன்புள்ள அவசரக்காரிக்கு,

சரி.

கோபப்படாதே, மேலே படி. மருந்து தடவியாயிற்று. என் விரலையும் சேர்த்துக் கடித்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவது பழகிவிட்டது. நேற்று வேலையில் ஒரு லிஃப்டின் மோட்டார் அறையில் நின்றபடியே தூங்கினேன். கூட இருந்தவன் தட்டி எழுப்பி, "அண்ணே, கொஞ்சம் உக்காந்து தூங்குங்க" என்றான். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மாடிக்கு மாடி கீச்சென்று அழுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது.

நேற்று நீ குடையை மறந்து, மீசைக்காரரிடம் கெஞ்சி வார்டுவரை திரும்பி வந்தாயே, நம்மைச் சேர்த்துப் பார்த்ததும் கடுகு போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். நீ போன பிறகும் வெளியே வரவில்லை. ஒளிந்து விளையாடுகிறாள் என்று நானும் "கடுகு எங்கே, காணோமே" என்று கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டாள். அம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன். கோழை என்று திட்டுவாய். திட்டிக்கொள்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 9, மாலை

கோழை வீட்டுக்காரருக்கு,

ஈரத்துண்டைப் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? வீட்டில் பையைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

இன்று நல்ல சேதி. வெள்ளை அணுக்கள் ஏறியிருப்பதாக நர்ஸ் சொன்னார். இந்தச் சுற்று மருந்து முடிந்தால் போதும் என்றுதானே முதலிலேயே சொன்னார்கள்? நீங்கள் என்மேல் தள்ளிவிட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து கட்டம் வரைந்து, ஐந்தாவதில் நம் வீட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் அடிக்க வேண்டும். முதல் கட்டத்தை இப்போதே அடித்துவிட்டாள், தாள் கிழிய.

பெரியவள் இனிக் கணக்கில் உதவி கேட்கப் போவதில்லையாம், தானே பார்த்துக்கொள்வாளாம். பதினொரு வயதில் இவ்வளவு சமர்த்து எனக்குப் பயமாக இருக்கிறது.

வாசலில் என் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். பையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.

கட்டம் வரைந்தவள்


ஜூன் 13, காலை

அம்மாடி,

இதை எழுதாமல் தள்ளிப்போட்டது என் தப்பு. பத்தாம் தேதி விடியற்காலை பெரிய டாக்டர் வந்தார். இன்னும் ஒரு சுற்று மருந்து தேவைப்படும், இரண்டாகவும் ஆகலாம் என்றார். அணுக்கள் ஏறியிருப்பது நல்லதுதானாம், ஆனால் இப்போது நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமாம்.

உன்னிடம் சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். அன்று நீ சொன்னபடி உன் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றாய். வாய் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. அவள் தினமும் கட்டத்தை அடித்துவிட்டு என்னிடம் காட்டுகிறாள். இன்று ஐந்தாவதையும் அடித்துவிடுவாள்.

என்னை மன்னித்துவிடு.


ஜூன் 13, மாலை

மூன்று நாள். வாசலில் நான் பேசிக்கொண்டே இருந்தேன், வீட்டைப் பெருக்கியதைப் பற்றி, அவளுக்குப் புதுச் சட்டை தைத்ததைப் பற்றி. நீங்கள் தலையாட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் தோளில் சாய்ந்து அழவேண்டிய சேதியை நோட்டில் படித்து, கழிப்பறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஐந்தாவது கட்டத்தை அடித்துவிட்டாள். "நாளைக்கு வீடு" என்று பக்கத்துக் கட்டிலுக்கும் சொல்லியாகிவிட்டது.

இதை நான் தனியாகச் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. தலைமை நர்ஸிடம் கேட்டேன். நாளைக் காலை கைமாற்றும்போது கால் மணி நேரம் இருவரையும் உள்ளே விடுவார்களாம். சேர்ந்து சொல்வோம்.


ஜூன் 14, மாலை

கடுகின் அப்பாவுக்கு,

காலையில் நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனதில் எனக்குக் கோபமில்லை. நானும் ஓடியிருப்பேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

அவள் கையை நீட்டும்வரை நாம் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? உள்ளே நுழைந்ததும் கடுகு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றி, கையை நீட்டிவிட்டாள். நீங்கள் போன பிறகு, இப்போது வீட்டுக்குப் போகமுடியாது என்று நான் சொன்னதற்கும் அழவில்லை.

மதியம்தான் நர்ஸ் கேட்டாராம், ஏன் கையை நீட்டினாய் என்று. "ரெண்டு பேரும் சேந்து வந்தா பெரிய ஊசி" என்றாளாம்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இங்கே சேர்த்த அன்று சேர்ந்து நின்றோம். நெஞ்சில் குழாய் வைத்த அன்று சேர்ந்து நின்றோம். இன்று. அவ்வளவுதான். அன்று குடைக்காக நான் திரும்பி வந்தபோது போர்வைக்குள் போனாளே, அது விளையாட்டே இல்லை. தனித்தனியாக வந்தால் நாம் அம்மா, அப்பா. சேர்ந்து வந்தால் அவளுக்கு நடுக்கம். நாம் பெற்ற பிள்ளைக்கு நம்மைக் கண்டே பயம் என்றால், அவள் வீட்டுக்கு வந்துதான் என்ன செய்வாள்? அங்கே நாம் எப்போதும் சேர்ந்துதானே இருப்போம்?

என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கள்.


ஜூன் 18, காலை

என் மகராசிக்கு,

நான்கு நாளாக யோசித்தேன். நல்ல யோசனை லிஃப்டில்தான் வந்தது. அழுகிற கதவை நேற்று சாயங்காலம் சரிசெய்துவிட்டேன். அரை மணி நேர வேலை, ஒரு உருளை தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளருக்கு வாயெல்லாம் பல். "என்ன வேணும், கேளுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு பாஸ் வேண்டும் என்றேன். இவ்வளவுதானா என்று சிரித்தார். வாராவாரம் என்று அப்புறம்தான் சொன்னேன்.

வரும் ஞாயிறு நான்கு மணிக்கு வருவேன். நீ கிளம்பாதே. டாக்டரைக் கூப்பிடாதே, நர்ஸைக் கூப்பிடாதே. கையில் எந்தச் சேதியும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்போம். அவள் கையை நீட்டினால் நீட்டட்டும்.

ஈரத்துண்டைக் கம்பியில் காயப்போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 22, மாலை

அன்புள்ள கும்பகர்ணருக்கு,

நேற்று நடந்ததில் உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் தெரியும் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

உங்களைக் கண்டதும் கையை நீட்டினாள், பார்த்தீர்கள். ஊசி இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து, குறட்டை விட ஆரம்பித்துவிட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் குறட்டை. எழுப்பலாம் என்று கையைத் தூக்கினேன். அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊசின்னா அப்பா தூங்க மாட்டாருல்ல?" என்றாள்.

"மாட்டாரு" என்றேன்.

"அப்ப எதுக்கு ரெண்டு பேரும் வந்தீங்க?"

"சும்மாதான்."

கொஞ்ச நேரம் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் கையை உங்கள் மடியில் போட்டுத் தூங்கிப்போனாள். நான் அழுதேன், யாருக்கும் ஒளிக்கவில்லை. அப்புறம் நானும் தூங்கிவிட்டேன்போல. ஐந்து மணிக்கு மீசைக்காரர் வந்து பார்த்தாராம், எழுப்பாமல் போய்விட்டாராம்.

அடுத்த சுற்று மருந்து நாளை ஆரம்பம். வாய்ப்புண் மருந்து புதிது வாங்கியிருக்கிறேன், பச்சை மூடி. அடுத்த ஞாயிறு தானும் வருவேன் என்று பெரியவள் அழுதுவிட்டாள், அறுபது நாளில் முதல் தடவை. மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள், வேறு எந்தக் கதவாவது அழுகிறதா என்று.

உங்கள்
சும்மா வந்தவள்