விரலில் மரு என்று சொன்னேன்

நாள் 212, 06:10
பம்பு ஓடுகிறது. பனி உருகித் தொட்டி நிறைகிறது. அழுத்தம் சரி. சீரஸ் குறுங்கோளின் தண்ணீர்க் கிடங்கில் நான் ஒருத்திதான்; பெயர் பியூலா. விண்கப்பல்களுக்கு இது பெட்ரோல் பங்க் மாதிரி. வண்டி வருவதுதான் அபூர்வம். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகும் கப்பல் நாள் 330-ல் வரும்.
பூமியில் ரேடியோவில் உட்காருவது என் கணவர் ஆசீர். செய்தி போக அரை மணி, வர அரை மணி. இன்று வந்தது: "ஏட்டி பியூலா, சாப்பிட்டியா? இங்க மழ வெளுத்து வாங்குது."

நாள் 214, 07:00
குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் நாலைந்து சின்ன மரு. வலி இல்லை.
டாக்டரைக் கேட்க வேண்டும். இருப்பது ஒரே அலைவரிசை. அதில் முதலில் கேட்பது அத்தான், அவருக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். எப்படிச் சொல்ல? "விரலில் மரு" என்று அனுப்பிவிட்டேன்.

நாள் 215, 08:30
டாக்டர் நாச்சியார்: "விரல்தானே? பெட்டியில மரு கரைக்கிற திரவம் இருக்கும். ஒரு சொட்டு வச்சு பிளாஸ்திரி ஒட்டிருங்க."
விரலுக்குச் சொன்னதை அங்கே வைத்தேன்.

நாள் 215, 09:15
எரிகிறது. ஐயோ. கழுவிக்கொண்டே இருக்கிறேன். தோல் வெந்துவிட்டது. இத்தனை படித்து இவ்வளவு தூரம் வந்தவளுக்குப் புத்தி மட்டும் வரவில்லை.

நாள் 216, 11:00
உண்மையை அனுப்பினேன். கேட்பவர்கள் கேட்கட்டும்.
டாக்டர்: "ஏம்மா, முதல்லயே சொல்லக் கூடாதா? அது அமிலம், அந்த இடத்துல வைக்கவே கூடாது. மொதல்ல தோல் முழுசா ஆறட்டும். அப்புறம் பெட்டியில நான் சொல்ற களிம்பு. வாரத்துல மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். படுக்கப் போறப்ப மரு மேல மட்டும் மெல்லிசா தடவணும். உள்ள போகக் கூடாது. முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும். எந்திரிச்சதும் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிருங்க. பிளாஸ்திரி கூடாது. சீக்கிரம் போகட்டும்னு அப்பாதீங்க. சிவக்கும். புண்ணாச்சுன்னா நிறுத்திட்டு என்னைக் கேளுங்க."
அப்புறம்: "உறவுல ஒட்டுற கிருமி இது, வருஷக்கணக்கா உடம்புல சும்மா கிடக்கும். யார்கிட்டேருந்து, எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது."
இது எனக்குச் சொன்னதல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் ஆசீருக்கு. நல்ல மனுஷி.

நாள் 219, 06:20
மூன்று நாளாக அவர் குரல் இல்லை. இன்று வேறு யாரோ: "ஆசீர் சார் ஷிஃப்ட் மாத்திக்கிட்டாரு மேடம்."

நாள் 231, 21:00
தோல் ஆறிவிட்டது. களிம்பைத் தொடங்கினேன். ஒரு பயறளவுகூட இல்லை, அவ்வளவுதான்.

நாள் 240, 05:40
வெளியே வால்வு பழுது. விண்ணுடைக்குள் அந்த இடத்தில் காற்றாடாது. களிம்போடு போனால் வெந்துவிடும். நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போட்டேன். வால்வு சரி.
ஆசீருக்கு எழுதினேன்: அத்தான், எனக்கு நீங்கள் மட்டும்தான். பதில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருமுறையாவது தன்னைக் கேட்டுக்கொண்டாரா? கோபம் கோபமாக வருகிறது. பம்பிடம் கத்தினேன்.

நாள் 301, 07:10
மரு போய்விட்டது. டாக்டர்: "சந்தோஷம். மறுபடி வரலாம், பாத்துக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணிருவோம்."
வீட்டுக்கு என்றார். அழுதேன்.

நாள் 326, 10:00
கட்டுப்பாட்டு அறை: "உங்களுக்குப் பதிலா வர வேண்டியவர் வரல மேடம். கப்பல் தண்ணி மட்டும் பிடிச்சிட்டுப் போகும். பணிக்காலம் ரெண்டு வருஷம் நீட்டிச்சாச்சு. விதிப்படி வீட்டார் சம்மதமும் வாங்கியாச்சு."
யார் அந்த வீட்டார் என்று கேட்டனுப்பினேன்.

நாள் 326, 11:05
"உங்க கணவர்தான் மேடம். ஒரு கேள்விகூடக் கேக்காமக் கையெழுத்துப் போட்டாரு."

நாள் 330
கப்பல் வந்தது. குழாயை மாட்டினேன். தண்ணீர் ஏறியது. கப்பல் போய்விட்டது.
நேரம் எழுத மறந்துவிட்டேன். பரவாயில்லை.
இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், எனக்குச் சரியாகிவிட்டது என்று ஆசீரிடம் சொல்லுங்கள்.
இல்லை, சொல்லாதீர்கள். அவரே கேட்கட்டும்.