சுண்டுவிரல் இல்லாத கால்

நன்னிலம்,
ஐப்பசி 14.

அன்பு மகள் கனிமொழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது அப்பா எதற்கு லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் இளம்பரிதி கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறார் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், கேட்டால் நீ வாங்கிக்கொடுத்த கார்பெட் கழுவும் வெந்நீர் மெஷினைத் தூக்கி வாய்க்காலில் போடு என்பாள். படித்துவிட்டு நீயும் அவளிடம் மூச்சு விடாதே.

சம்பா நடவு முடிந்துவிட்டது, நேற்று முன்தினம் நல்ல மழை. குடவாசல் மண்டபத்துக் கார்பெட்டையும் கழுவிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் மனசை அரிப்பது ரெங்கசாமி ஐயா வீட்டு விஷயம்தான். இருபது வருஷம் நான் பவர் டில்லர் ஓட்டியது அவர் வயலில் என்பது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், அவருடைய வலது கால் சுண்டுவிரல் போனது என்னால்தான். சேற்றில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது இரும்புச் சக்கரம் ஏறிவிட்டது. ஆளாளுக்கு என்னை அடிக்க வந்தார்கள். ஐயா ரத்தம் ஒழுக நின்றுகொண்டு, நான்தான் பார்க்காமல் காலை வைத்தேன், அவனை யாரும் தொடக்கூடாது என்றார். அந்தக் காலை நானே துண்டு கிழித்துக் கட்டினேன், இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தலைத்திவசத்துக்கு முன்னால் வீடு முழுக்கக் கழுவ வேண்டும் என்று அவர் சம்சாரம் பிரகதாம்பாள் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துபாயில் இருக்கும் மகன் பரணிதரன் வாங்கிவந்த வெள்ளைக் கம்பளி கார்பெட் ஐயாவின் அறையில் சுவருக்குச் சுவர் கிடக்கிறது. அவர் போன நாளிலிருந்து அறை பூட்டியே கிடந்ததாம், சாவி அந்த அம்மாவின் இடுப்பில். வேலை செய்த காலத்தில் கொல்லைப்புறம் தாண்டி நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை, இப்போது மெஷினைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் தப்பு செய்தேன். நுரை அதிகம் வராத லிக்விட்தான் ஊற்ற வேண்டும் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். எனக்கோ நுரை வராவிட்டால் கழுவின மாதிரியே இருக்காது, அந்த அம்மாவும் என்ன முருகையா நுரையே காணோமே என்று கேட்டுவிட்டார்கள். துணி துவைக்கிற பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டேன், நீலக் குருணை கலந்த பவுடர். மெஷின் நுரையைக் குடித்துத் திணறியது. அறையைப் பூட்டிக் காயவிட்டோம். மறுநாள் திறந்தால் வெள்ளையில் பழுப்பாகக் கால்தடம். கதவிலிருந்து ஜன்னலோர நாற்காலி வரைக்கும் ஒருவர் நடந்து போன தடம், வலது காலில் சுண்டுவிரல் இல்லை. நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். வாசற்படியில் சக்கர நாற்காலியில் இருந்த அந்த அம்மா மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இடுப்பு உடைந்து மூன்று வருஷமாக அவர்களுக்கு நடையில்லை.

அன்றைக்குத்தான் பதறிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன், காரணம் சொல்லவில்லை. அடியில் இருக்கும் பழைய அழுக்கு காயும்போது மேலே ஏறும், தங்கிப்போன சோப்பு பிசுபிசுவென்று தூசியைப் பிடிக்கும், முதலில் வெறும் வெந்நீர், அப்புறம் வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீர், கடைசியில் கம்பளிக்கென்று உள்ள லிக்விட், அதையும் கட்டிலடி மூலையில் சோதித்துப் பார்த்துப் போடுங்கப்பா என்றாய். ஒன்று விடாமல் அப்படியே செய்தேன். மெஷின் உறிஞ்சிய தண்ணீர் வரப்போரச் சேறு மாதிரி வந்தது. காய்ந்தபின் ஒரு தடமும் இல்லை. நீ சொன்னது சரிதான் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஒத்தாசைக்கு இருக்கும் மர்யம் வந்து, அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை, உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றாள். போனேன். பழைய பவுடரையே இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், ஐயாவின் காலை நினைத்துப் போட்டுக் கொடுத்தேன். அது திவசத்துக்கு முதல் நாள்.

திவசம் முடிந்த மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார்கள். தடம் வந்திருந்தது. இந்த முறை நாற்காலியிலிருந்து கதவைப் பார்த்து வருகிறது. பக்கத்திலேயே இன்னொரு ஜோடி, சின்னக் கால்கள், தேய்க்காமல் இழுக்காமல் நன்றாக நடந்த கால்கள். வாசற்படிக்கு ஒரு எட்டு முன்னால் இரண்டும் நின்றுவிட்டன. மர்யமுக்குப் பாதம் பெரிசு, நான் பார்த்தேன். மெஷின் குழாயை எடுக்கக் குனிந்தபோது சக்கர நாற்காலியில் அந்த அம்மாவின் உள்ளங்கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. மூன்று வருஷம் தரையில் படாத கால், அதில் நீலக் குருணை ஒட்டியிருந்தது கனி.

பரணிதரன் வெள்ளிக்கிழமை போன் செய்து, கார்பெட் அசிங்கமாக இருப்பதாக மர்யம் சொன்னாளே, சுத்தமாக எடுத்துவிடுங்கள் என்றார். நல்ல லிக்விட் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். போட்டால் இரண்டு ஜோடியும் போய்விடும், அந்த அம்மா மறுபடி தனியாகிவிடுவார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவர்களையே கேட்டேன்.

"விட்டுடு முருகையா. இன்னும் ஒரு எட்டுதானே" என்றார்கள்.

கேனைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன். மெஷின் ரிப்பேர் என்று பரணிதரனிடம் சொல்லியிருக்கிறேன், உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல். ஆனால் அந்தப் பிள்ளையை உடனே புறப்பட்டு வந்து ஒரு வாரம் அம்மாவோடு இருக்கச் சொல்லி நேற்று இன்னொரு தடவை பேசினேன். டிசம்பரில்தான் லீவாம்.

உனக்கு நாகூர் தர்காவிலும் வேண்டிக்கொண்டோம், நம் காளியம்மனும் துணையிருப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உப்பு குறைத்த நார்த்தங்காய் ஊறுகாய் இளம்பரிதியிடம் இருக்கிறது, மறக்காமல் வாங்கிக்கொள். போன தடவை நீ வந்தபோது விரித்த ஜமக்காளம் உன் அறையில் அப்படியே கிடக்கிறது. கழுவிப் போடு என்று உன் அம்மா தினமும் நச்சரிக்கிறாள். அதில் நான் பவுடரும் போட மாட்டேன், லிக்விடும் போட மாட்டேன். பொங்கலுக்கு நீ வந்து மிதி.

உன் அப்பா,
முருகையன்.